இலையில் ஓட்டை, தரையில் வெள்ளித் தடம்: ஓடில்லா நத்தைக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தோட்டத்தில் எது கெட்டுப்போனாலும் பழி விழுவது அன்று காலை கண்ணில் பட்ட உயிர்மீதுதான். மழை விட்ட மறுநாள் சுவரோரம் பிசுபிசுவென்று ஊர்ந்துகொண்டிருக்கும் ஓடில்லா நத்தைக்கு இந்த விஷயத்தில் ராசியே கிடையாது. முதுகில் ஓடு இருந்தாலாவது குழந்தைகள் படம் வரைவார்கள். ஓடு இல்லாததால் உப்பு டப்பாதான் வருகிறது.

எனக்கும் அதன்மேல் கொஞ்சல் ஒன்றும் இல்லை. இருட்டில் வெறுங்காலால் மிதித்தவன் நான். ஆனால் சில ஆண்டுகள் அதை விரட்டிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: நத்தைத் தொல்லை என்று நான் குறித்துவைத்திருந்தவற்றில் பாதிக்கு மேல் நத்தையால் வந்தவை அல்ல. நீர் விட்ட நேரம், மண்ணை வழித்துத் துடைத்த சுத்தம், போட்ட மருந்து என்று காரணம் என் பக்கமே இருந்தது. பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2022 மார்ச்சில், நத்தைகளை இனி 'தீங்குயிரி' என்று வகைப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. அந்நாட்டில் அறியப்பட்ட 44 ஓடில்லா நத்தை இனங்களில் தோட்டச் செடிகளைத் தின்பவை 9 மட்டுமே என்பதையும் அப்போது சுட்டிக்காட்டியது. மற்ற 35 இனங்களும் நம் காலடியில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைக் கண்டு நேராக அங்கே போகலாம். முதலாவதை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

அறிகுறி: இலையில் ஓட்டை; தின்றது யார் என்று தெரியவில்லை

முதலில் தடயத்தைப் பாருங்கள். நத்தை போன வழியில் சளி காய்ந்து வெள்ளிக்கோடாக மின்னும். காலை வெயில் சாய்வாக விழும்போது, குனிந்து இலையை மட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இரவு மழை பெய்திருந்தால் கோடு கழுவிப் போயிருக்கும். அப்போது ஓட்டையின் வடிவம்தான் சாட்சி.

நத்தை கடிப்பதில்லை, அராவுகிறது. அதன் நாக்கு ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசைகட்டிய ஓர் அரம். அதனால் ஓட்டைகள் ஒழுங்கில்லாத வடிவத்தில், பெரும்பாலும் இலையின் நடுவிலேயே விழும். சில இடங்களில் மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு, கண்ணாடித் தாள் போல ஒரு சவ்வு மிஞ்சியிருக்கும். கம்பளிப்புழு தின்ற இடத்தில் ஆட்டுப் புழுக்கையைச் சிறிதாக்கியது போன்ற உருண்டைகள் இலையில் கிடக்கும். நத்தையின் எச்சமோ முறுக்கிய நூல் துண்டு போல இருக்கும். விளிம்பிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டே போயிருந்தால் வெட்டுக்கிளியை நினையுங்கள். ஊசியால் குத்தியது போலச் சிறு துளைகள் நிறைய இருந்தால் அது தத்தித் தாவும் சிறு வண்டின் வேலை.

நாற்று தரைமட்டத்தில் கத்தியால் நறுக்கியது போலச் சாய்ந்து, இலை அப்படியே கிடந்தால் நத்தையை விட்டுவிடுங்கள். தண்டைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்கு விரலால் கிளறுங்கள். சுருண்டு கிடக்கும் வெட்டுப்புழு கிடைக்கும். நான் ஒரு மாதம் இரவுதோறும் நத்தை பொறுக்கி, நாற்று சாய்வது நிற்காமல், கடைசியில் இப்படிக் கிளறித்தான் குற்றவாளியைக் கண்டேன். அந்த மாதம் அப்புறப்படுத்திய நத்தைகளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால், இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஈடான சாட்சி வேறில்லை. பிடித்ததை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் விட்டு, கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாதத்தின் அடியில் வாலிலிருந்து தலைநோக்கி அலை அலையாக நிழல்கள் ஓடும். அந்த அலைகள்தான் அதன் நடை. கண்ணாடியில் கொஞ்சம் மாவுக்கூழ் தடவியிருந்தால், வாய் திறந்து அரம் வெளியே வந்து ஒருமுறை வழித்து உள்ளே போவதையும் பார்க்கலாம். உடலின் வலப்பக்கத்தில் ஒரு சிறு துளை திறந்து திறந்து மூடும். அது மூச்சுத் துளை.

அறிகுறி: நேற்று நட்ட நாற்று காலையில் காணோம்

தடமும் இருக்கிறது, நாற்றின் காம்பு மட்டும் நிற்கிறது என்றால், சந்தேகமில்லை, நத்தைதான். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் வயல் நத்தை. தொட்டால் பாலைப் போல வெண்சளி விடும்; அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

ஆனால் அது ஏன் உங்கள் நாற்றுக்கு வந்தது? நடுவதற்கு முந்தைய நாள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பாத்தியைக் கொத்தி, களையெல்லாம் பிடுங்கி, சருகைப் பெருக்கி எடுத்து, பார்க்க அழகாக வைத்திருப்பீர்கள். நத்தைகள் மண்ணுக்குள் இருந்தன. அன்றைய இரவு மேலே வந்தபோது வழக்கமான வாடிய இலையும் அழுகிய தண்டும் இல்லை. கண்ணெதிரே இருந்த ஒரே பச்சை, இன்னும் தோல் தடிக்காத, கசப்புச் சத்து ஊறாத உங்கள் நாற்று. போதாததற்கு மாலையில் பூவாளியால் நீரும் தெளித்து, ஊர்ந்து வரப் பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. உடம்பின் பெரும்பகுதி நீரால் ஆன, தோலிலிருந்து அதை ஓயாமல் இழந்துகொண்டிருக்கும் உயிருக்கு ஈரத்தரை என்பது ராஜபாட்டை.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் நீர் விடும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். இது ஒன்றுக்கே பெரிய வித்தியாசம் தெரியும், செலவும் இல்லை. அடுத்து, நாற்றை நான்கைந்து நல்ல இலை விடும்வரை தொட்டியில் உயரமான இடத்தில் வளர்த்துப் பிறகு நடுங்கள். நேரடியாக விதைக்க வேண்டிய பயிரென்றால் தேவைக்கு மேல் கொஞ்சம் விதைத்துவிடுங்கள். நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் தண்டை ஒட்டி மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) வேண்டாம், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பிடுங்கிய களையைத் தூரக் கொட்டாமல் பாத்தியின் ஓரத்தில் வாடக் கிடத்துங்கள். பசும் நாற்றைவிட வாடிய தழையை விரும்பும் நத்தைகள் அங்கே தங்கிவிடும்.

மிச்சம் இருப்பதற்கு ஒரு பலகையோ நனைத்த கோணிப்பையோ போதும். மாலையில் பாத்தியோரம் போட்டு, காலையில் புரட்டினால் அடியில் ஒண்டியிருக்கும். கையுறையோடு பொறுக்கி மட்குக் குழியில் சேருங்கள். நாலடி தள்ளிப் போட்டால் பயனில்லை. தன் சளித் தடத்தைப் பிடித்துக்கொண்டே பழைய ஒதுக்கிடத்துக்குத் திரும்பும் பழக்கம் அதற்கு உண்டு.

உப்பு வேண்டாம். கொடுமை என்பது ஒரு பக்கம். நத்தை சாகும் அளவுக்குத் தூவிய உப்பு மண்ணில்தான் தங்கும், அடுத்து வாடுவது நாற்று.

அறிகுறி: எங்கும் தடம் தெரிகிறது, ஆனால் செடிகளில் சேதமே இல்லை

இது பிழை அல்ல. இருந்தாலும் தடத்தைப் பார்த்தே மருந்து வாங்கப் போகிறவர்கள் அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

உதிர்ந்த இலை தானாக மண்ணாவதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைச் சிதைக்க வேண்டும். முழு இலையின் மெழுகுத் தோலைத் தாண்டி உள்ளே போவது அவற்றுக்குப் பெரும்பாடு. நத்தை அராவிய இலையில் தோல் கிழிந்திருக்கும், பரப்பு கூடியிருக்கும். நத்தையின் வயிற்றுக்குள் போன பங்கு நுண்ணுயிர்களோடு குழைந்து, ஈரமான, தழைச்சத்து உள்ள எச்சமாக வெளியே வருகிறது. அதன்மேல் பூஞ்சை படர்கிறது, அதை மேயச் சிற்றுயிர்கள் வருகின்றன, பின்னாலேயே மண்புழு வந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. செத்த புழு, விலங்குகளின் சாணம், அழுகிய பழம், காளான் என எதையும் நத்தை விடுவதில்லை. தோட்டத்தின் துப்புரவு வேலை இரவுப் பணியில் நடக்கிறது. காலையில் நாம் பார்ப்பது அதன் வருகைப் பதிவேட்டை.

போகிற போக்கில் விதைப்பு வேலையும் நடக்கிறது. நத்தை தின்ற காளானின் வித்துத்தூள் அதன் குடலைத் தாண்டி உயிரோடு வேறிடத்தில் இறங்குகிறது. பாசி, பெரணி ஆகியவற்றின் வித்துத்தூளும் இப்படிப் பயணப்படுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில், வாழைப்பழம் போல மஞ்சளாக, 25 சென்டிமீட்டர்வரை வளரும் 'வாழை நத்தை' ஒன்று உண்டு. காளானும் சருகும் தின்று, 'ரெட்வுட்' எனும் நெட்டை ஊசியிலை மரக் காட்டின் தரையைப் பராமரிப்பது அதன் வாழ்க்கை. சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதையே தன் சின்னமாக வைத்திருக்கிறது. மற்ற கல்லூரிகள் புலியும் கழுகுமாக நிற்கும்போது இவர்கள் நத்தையோடு மைதானத்தில் இறங்குகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

உடலில் சிறுத்தை போலப் புள்ளியும் வரியும் கொண்ட, ஒரு சாண்வரை நீளும் பெரிய நத்தையை உங்கள் தோட்டத்தில் பார்த்தால் தொடவே தொடாதீர்கள். சிறுத்தை நத்தை என்று பெயர். அழுகியதும் பூஞ்சையும் அதன் முக்கிய உணவு. அதோடு மற்ற நத்தைகளையும் துரத்திப் பிடித்துத் தின்னும். நத்தை துரத்துவதா என்று சிரிக்கலாம், துரத்தப்படுவதும் நத்தைதானே. இவை இணைசேரும்போது ஒரு கிளையிலிருந்து சளிக்கயிறு திரித்து, இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு அந்தரத்தில் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் இரண்டுமே முட்டையிடும்.

அந்தச் சளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஓடில்லா நத்தை ஆபத்தில் சுரக்கும் பசைச்சளியைப் பார்த்துத்தான், ஈரத்திலும் இரத்தத்திலும் ஒட்டும் மருத்துவப் பசை ஒன்றை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் உருவாக்கினார்கள். கையில் ஒட்டிய சளி சோப்பு போட்டும் போகாதபோது எரிச்சலோடு இதையும் நினைத்துக்கொள்வேன்.

அறிகுறி: மட்குக் குழியில் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன

இருக்கட்டும். அவை இருக்க வேண்டிய இடம் அதுதான். மட்கை எடுத்துப் பாத்தியில் போடும்போது மட்டும் ஒருநாள் வெயிலில் பரப்பிவிட்டுப் போடுங்கள். மேலே வருவதைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: மருந்து போட்டேன், முன்னைவிட அதிகமாகிவிட்டது

பூச்சி மருந்தா, நத்தை மருந்தா என்று டப்பாவைப் பாருங்கள். நத்தை பூச்சியல்ல, கணவாய், சிப்பி ஆகியவற்றின் உறவுக்கார மெல்லுடலி. பூச்சியின் நரம்பைக் குறிவைக்கும் பல மருந்துகள் அதை உறுத்துவதுகூட இல்லை. ஆனால் நத்தையைத் தின்பவை பூச்சிகள்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்து 2015-இல் வெளியானது. நியோநிகோட்டினாய்டு என்னும் பூச்சி மருந்தை விதையிலேயே பூசிய சோயாவை விதைத்தார்கள். முளையைத் தின்ற நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தை உடம்பில் சுமந்துகொண்டு திரிந்தன. அந்த நத்தைகளைத் தின்ற தரைவண்டுகளில் 60 சதவீதத்துக்கு மேல் முடங்கின அல்லது செத்தன. வண்டு குறைந்ததும் நத்தை கூடியது. வயலில் சோயாச் செடிகளின் அடர்த்தி 19 சதவீதமும் விளைச்சல் 5 சதவீதமும் குறைந்தன. பயிரைக் காக்கப் பூசிய மருந்து, காவல்காரனைக் கொன்று திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இது உங்கள் நிலைமை என்றால், பூச்சி மருந்தை முழுதாக நிறுத்துவதுதான் முதல் படி. தரைவண்டு திரும்பி வரச் சில மாதங்கள் பிடிக்கும். பகலில் அது ஒளியக் கல், கட்டை, புல்திட்டு ஆகியவற்றைத் தோட்டத்தின் ஓரத்தில் விட்டுவையுங்கள். தேரை, தவளை, பூரான், முள்ளெலி, பாம்பு வகைகள், பறவைகள் எல்லாமே நத்தைக்கு எமன்கள்தாம். மின்மினிப்பூச்சி பிடிக்காதவர்கள் இல்லை. அதன் குழந்தைப் பருவ உணவு எது என்று யோசிப்பவர்கள் குறைவு. பல மின்மினி இனங்களின் புழுக்கள் நத்தைகளைத்தான் வேட்டையாடுகின்றன. தன்னைவிடப் பெரிய நத்தையைக் கடித்து, நஞ்சைச் செலுத்தி அசையாமல் ஆக்கி, கூழாக்கி உறிஞ்சும்.

நத்தை மருந்து என்றால், உள்ளே இருப்பது மெட்டால்டிஹைடா என்று பாருங்கள். நீலநிறக் குருணையாக வரும். நாயும் பறவையும் முள்ளெலியும் அதைத் தின்று சாகக்கூடும் என்பதால் கிரேட் பிரிட்டனில் வெளிப்புறப் பயன்பாடு 2022 வசந்தத்தோடு தடைசெய்யப்பட்டது. வேறு வழியே இல்லாதபோது இரும்பு பாஸ்பேட் குருணை ஆபத்துக் குறைந்தது. நாற்றைச் சுற்றி அளவோடு, அதுவும் நட்ட முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும். நத்தைக்குள் புகுந்து கொல்லும் நூற்புழுவை நீரில் கலந்து ஊற்றும் முறையும் 1990-களிலிருந்து சில நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. மண் ஈரமாகவும் மிதமான சூட்டோடும் இருந்தால்தான் அது பலிக்கும்.

அறிகுறி: முட்டை ஓடு, செம்பு நாடா, காபித்தூள் எதுவும் வேலை செய்யவில்லை

வேலை செய்யாததில் வியப்பில்லை. செம்பு நாடா, முட்டை ஓடு, கூர்மணல், மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை என ஐந்து தடுப்புகளை ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. 2018-இல் வந்த முடிவு: தடுப்பு இருந்த செடிக்கும் இல்லாத செடிக்கும் சேதத்தில் வேறுபாடு இல்லை. சவரக்கத்தியின் விளிம்பிலேயே சளி பரப்பி ஏறிப்போகும் உயிருக்கு முட்டை ஓடு எம்மாத்திரம்!

காபித்தூள் கதைக்கு மட்டும் ஒரு வேர் உண்டு. 1 முதல் 2 சதவீதக் காஃபின் கரைசல் நத்தைகளைக் கொல்கிறது என்று ஹவாயில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. நாம் குடிக்கும் காபியில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். குடித்து முடித்த சக்கையில் இன்னும் குறைவு. சக்கையை மட்குக் குழியில் போடுங்கள்.

பீர்ப் பொறி (மண்ணில் புதைத்த கிண்ணத்தில் பீர்) வேலை செய்யும், ஈஸ்ட் வாசனைக்கு வரும். ஆனால் கிண்ணத்தின் விளிம்பைத் தரைமட்டத்தில் வைத்தால் தரைவண்டும் விழுந்து மூழ்கும். இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். நத்தை ஏறும், வண்டு பெரும்பாலும் சுற்றிப் போய்விடும்.

அறிகுறி: மண்ணைக் கிளறும்போது ஜவ்வரிசி போன்ற முட்டைகள்

வேகவைத்த ஜவ்வரிசி போலப் பளிங்காக, கொத்தாக இருந்தால் நத்தை முட்டை. நாற்றுப் பாத்தியில் என்றால் மேலே எடுத்துப் போடுங்கள். காய்ந்தோ, பறவை கொத்தியோ போகும். புதரடியில் என்றால் மூடிவிடுங்கள், சிறுத்தை நத்தையின் முட்டையாகவும் இருக்கலாம்.

அறிகுறி: பறித்த கீரையோடு சமையலறைக்கு வந்துவிட்டது

இங்கே மட்டும் நான் நத்தையின் கட்சி இல்லை. எலியின் நுரையீரல் இரத்தக்குழாயில் வாழும் ஒரு புழுவின் இளநிலை, எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் வருகிறது. பச்சை இலையோடு சிறு நத்தையை அறியாமல் விழுங்கினால் அப்புழு மனித மூளையுறையில் அழற்சி உண்டாக்கலாம். அரிது, ஆனால் விளையாட்டல்ல. பச்சையாகத் தின்னும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இருபுறமும் ஓடும் நீரில் கழுவுங்கள். நன்றாக வேகவைத்தால் புழு சாகும். நத்தையை வெறுங்கையால் தொட வேண்டாம்; தொட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வாசற்படித் தடங்களைத் துடைத்துவிடுவது நல்லது.

அறிகுறி: நத்தையே இல்லை

இதையும் பிழைப் பட்டியலில்தான் சேர்ப்பேன். கோடையில் காணாமல் போவது இயல்பு; மண்ணுக்குள் இறங்கி ஈரத்துக்குக் காத்திருக்கும். மழைக்காலத்திலும் இல்லையென்றால், தரை அடித்துக் கெட்டியாகியிருக்கிறதா, சருகு ஒன்றுகூட விடாமல் பெருக்கப்படுகிறதா, பழைய மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதிக்க அதே நனைந்த பலகைதான். நிழலில் போட்டு, மூன்று நாள் தொடாமல் விட்டு, நான்காம் நாள் அதிகாலையில் புரட்டுங்கள். நத்தை இல்லாவிட்டாலும் பூரானோ தரைவண்டோ மண்புழுவோ இருந்தால் குறையொன்றும் இல்லை. அடியில் வெறும் ஈர மண் மட்டும் இருந்தால், பாத்திக்கு வெளியே ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சருகைக் குவித்து, ஒரு மழை போன பிறகு பலகையை அந்தக் குவியலை ஒட்டிப் போட்டு மறுபடி பாருங்கள்.